ஈரச் சுவர்

சீமையில் இருக்கும் என் செல்ல மகளுக்கு,

எரியோடு ஊர் அம்மா எழுதுவது. சுவருக்கு நீ மண் மிதித்த அழகைச் சொல்லி ஊரே இன்னும் சிரிக்கிறது. எங்கள் எருமை உன்னைவிட நன்றாக மிதிக்கும்.

சீமையிலிருந்து நீங்கள் படிக்கிற பிள்ளைகளாகச் சேர்ந்து வந்து எங்கள் ஊரில் கட்டிய பள்ளிக்கூடத்தின் படம் கேட்டிருந்தாய். ஒரு படை மண் காய்ந்த பிறகுதான் அடுத்த படை ஏற்ற வேண்டும். உன் கப்பல் புறப்படும் நாள் நெருங்கிவிட்டது. நீ அப்பா என்று கூப்பிட்ட என் வீட்டுக்காரர்தான், "புள்ள கூரையப் பாக்காமப் போகக் கூடாது, ஈரத்துலயே ஏத்துங்கப்பா" என்றார். நீயும் பார்த்துக் கைதட்டினாய்.

ஐப்பசி மழையில் சுவர் விழுந்துவிட்டது. பிள்ளைகள் யாரும் உள்ளே இல்லை. ஒழுகுகிற ஓலையை மாற்றப் போன அவர் மட்டும்தான் இருந்தார்.

இங்கே ஒரு ஆள் சோறு மிஞ்சுகிறது.

அழாதே, உன் மூக்கு ஏற்கெனவே சிவப்பு. அடுத்த முறை வந்தால் கப்பல் நாளைச் சொல்லாதே. காயவிட்டுக் கட்டுவோம்.

உனக்குத் தலை வாரிவிட்ட
அம்மா