எந்தத் துப்பாக்கி மலை ஏறும்

ராஸ் அல் கைமா
19.11.1977

அன்பு மகள் சுகிர்தராணிக்கு,

கர்த்தர் கிருபையில் சித்தப்பா இங்கே திடமாக இருக்கிறேன், நீயும் குவைத்தில் ஆஸ்பத்திரி டியூட்டிக்கு நடுவே நேரத்துக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க வேண்டும். ஜனவரியில் உன் கல்யாணத்துக்கு லீவு கிடைக்குமா என்று கேட்டிருந்தாய். அண்ணன் போனபிறகு உன்னைக் கோயிலுக்குள் கைபிடித்துக் கூட்டிப்போக நான்தான் வர வேண்டும், அதில் மாற்றமே இல்லை. ஆனால் குவாரியில் இந்த வருஷம் ஒருத்தருக்கும் லீவு கிடையாது என்று கபீல், அதுதான் எங்கள் அரபி முதலாளி, சொல்லிவிட்டார். அவருக்கு அறுபது வயது, மலை ஆட்டு வேட்டை என்றால் உயிர், போன வருஷம் பாதி மலையில் மூச்சு வாங்கித் திரும்பியவர். நம்மூர் மகேந்திரகிரியில் நாற்பது மிளா மான் சுட்டவன் நான் என்று டீ குடிக்கும்போது ஒருநாள் சும்மா சொல்லி வைத்திருந்தேன், அதை நினைவு வைத்து இரண்டு துப்பாக்கியை முன்னால் போட்டு, மலைக்கு எது என்று நீயே சொல், நான் உச்சி ஏறி இறங்கினால் உனக்கு லீவு என்றார். ஒன்று அவர் தகப்பனாருடையது, உலக்கை மாதிரி. மற்றது ஒல்லி.

நானா விடுவேன். மெஸ்ஸில் சமையல் பார்க்கும் கௌஸ் முகம்மதுவின் வெங்காயத் தராசில் நிறுத்தேன், பெரியது ஐந்து கிலோ, சின்னது மூன்று. துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு திரிய முடியுமா, இரண்டு தண்ணீர்க் குழாயில் அதே எடைக்கு மணல் அடைத்துக் கயிறு கட்டித் தோளில் மாட்டி, தினமும் டியூட்டிக்கு முன், ஐந்து நாள், குவாரிக்குப் பின்னால் உள்ள மலையில் ஏறினேன். ரூமில் கூட இருக்கும் ராமையா, ஓய் யேசுராஜு, ஆடு சுடப் போறீரா பைப் லைன் போடப் போறீரா என்றான், கேம்ப் முழுக்கச் சிரித்தது. முதல் நாள் பெரியதே சரி என்று முடிவே கட்டிவிட்டேன். பிறகுதான் தோட்டா, தண்ணீர், பைனாகுலர் எடையைச் சேர்க்காதது உறைத்தது. எல்லாம் சேர்த்து ஏறினால் மூன்றாவது ஏற்றத்தில் பெரியது தோளைப் பிய்த்தது. மூச்சு வாங்க அந்தக் குழாயைப் பாறைமேல் சாய்த்துக் குறி பார்த்தால் கீழே காய்ந்த கௌஸின் லுங்கி பேயாட்டம் ஆடியது. சின்னதை அதே பாறைமேல் சாய்த்து வைத்துப் பார்த்தேன், லுங்கி அசையவில்லை.

ஒல்லிதான் என்றதும் கபீல் முகம் சுருங்கிவிட்டது, அவர் தகப்பனார் துப்பாக்கி அல்லவா. இந்தக் குச்சியால் நீ எத்தனை சுட்டாய் என்றார். நாற்பது என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது மகளே. பொய்யை நம்பிப் போய் அவர் வழியில் விழுந்தால் உன் கல்யாணத்தில் யார் நிற்பது. மாஃபி முதலாளி, இல்லவே இல்லை, ஒரு காக்கா கூடச் சுட்டதில்லை, ஆனால் பதினோரு வருஷம் சுமை தூக்கிய தோள் இது, இது சொன்னால் சரியாக இருக்கும் என்றேன். நேற்று ஒல்லியைத்தான் எடுத்தார். நான்கு மணி நேரத்தில் உச்சி. குறி தப்பி ஆடு போய்விட்டது, மனுஷனுக்கு அதில் வருத்தமே இல்லை, வாலிபன் மாதிரி இறங்கி வந்து, கலாஸ், பேச்சு முடிந்தது, ஜனவரியில் போ என்றார்.

கர்த்தர் உன்னையும் மாப்பிள்ளையையும் நிறைவாக ஆசீர்வதிப்பார். நீ நர்ஸ் ஆச்சே, முழங்கால் வீக்கத்துக்கு என்ன தைலம் என்று உடனே எழுது. அன்றைக்குக் கோயிலில் நடக்கும்போது மட்டும் கொஞ்சம் மெதுவாக நட, சித்தப்பாவுக்காக.

இப்படிக்கு,
உன் சித்தப்பா
யேசுராஜ்