மூச்சு விட்டதற்கு ஐந்து கஜம்

ஆகஸ்ட் 14, புதன்

கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணியில் நான்காவது வருஷம், கடைசி வருஷம். காலை ஐந்தரைக்கே மைதானத்தில் இருந்தோம்.

என் வேலையை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: குனிந்து நின்று, என் கால்களுக்கு நடுவே பந்தைப் பின்னால் எறிவது. பதினைந்து கஜம் தள்ளி நிற்கும் எமெட் அதைப் பிடித்து எதிரணிப் பக்கம் ஓங்கி உதைப்பான். ஆட்டத்துக்கு ஏழெட்டுத் தடவை வரும். மற்ற நேரமெல்லாம் ஓரத்தில் நின்று கத்தலாம். ரோல்ஃப் என்று ஒருவன் இருப்பதே ஊருக்குத் தெரியாது. தெரிந்தால் நான் எதையோ கெடுத்துவிட்டேன் என்று அர்த்தம்.

முதலாம் வருஷத்துக்காரன் ஒருவன் வந்திருக்கிறான், டெக்கர். அவனும் இதே வேலைக்குத்தான். வந்த முதல் நாளே, "பெருசு, நீ எப்ப ரிட்டயர்டு?" என்றான். திமிர். ஆனால் அவன் எறிவது எமெட் கையில் சப்பென்று விழுகிறது. என்னுடையதைவிட வேகம். அதுதான் எரிகிறது.

செப்டம்பர் 7, சனி

ஜெயித்தோம்! எட்டு எறிதல், எட்டும் எமெட்டின் மார்புக்கு நேராக. தொண்டை கட்டிவிட்டது.

செப்டம்பர் 28, சனி

நான்குக்கு நான்கு! சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறும் அம்மாள்கூட எமெட்டைப் பார்த்து, "இந்த வருஷமாவது மெரிடனை அடிப்பீங்களாடா?" என்று கேட்டாள். மெரிடன் கல்லூரியை நாங்கள் ஒன்பது வருஷமாக ஜெயித்ததில்லை. நவம்பர் 16, கடைசி ஆட்டம், நம் மைதானத்தில். அன்றைக்கு நான் களத்தில் இருக்க வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

அக்டோபர் 10, வியாழன்

வெளியூர் ஆட்டமென்றால் வியாழன் மாலை உடைமாற்றும் அறைக் கதவில் பஸ் பட்டியல் ஒட்டுவார்கள். நாங்கள் தொண்ணூறு பேர். பஸ்ஸில் இடம் ஐம்பத்திரண்டு. என் பெயர் ஐம்பத்திரண்டாவது. டெக்கர் பட்டியலை மேலிருந்து கீழே மூன்று முறை படித்தான். பாவமாகத்தான் இருந்தது. கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது.

அக்டோபர் 26, சனி

ஜெயித்தோம், ஏழுக்கு ஏழு. ஆனால் கடுங்குளிர், அதோடு எமெட்டின் உதையைக் காலருகிலேயே ஒருவன் தடுத்துவிட்டான். "காத்துல எனக்கு லேட்டாயிடுச்சுடா," என்றான் எமெட். நல்லவன், எனக்காகப் பொய் சொல்கிறான்.

நவம்பர் 2, சனி

இரண்டு உதை. இரண்டையும் தடுத்துவிட்டார்கள். தோற்றோம், முதல் தோல்வி.

பந்து அசையும் வரை யாரும் கோட்டைத் தாண்டக் கூடாது. தாண்டவில்லைதான். ஆனா நான் எறியுற அதே நொடி உள்ள வந்துடறானுங்க. எப்படி? எப்படிடா தெரியுது? என் கை அவ்வளவு மெதுவாகிவிட்டதா?

நவம்பர் 7, வியாழன்

ஐம்பத்திரண்டாவது பெயர்: டெக்கர்.

நவம்பர் 9, சனி

வீட்டுக்குப் போய்விட்டேன். சோள அறுவடை. அப்பாவின் அறுவடை இயந்திரத்தில் அவர் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்து வானொலியில் ஆட்டம் கேட்டேன். ஜெயித்தார்கள். உதைகளில் ஒரு பிழை இல்லை. அறிவிப்பாளர் டெக்கர் பெயரைச் சொல்லவே இல்லை. எங்கள் வேலையில் அதுதான் பாராட்டு.

அப்பா, "வலிக்குதா?" என்றார். "இல்லப்பா," என்றேன். அவர் வானொலியை அணைத்தார்.

நவம்பர் 11, திங்கள்

இதை இன்றைக்கே எழுதிவிட வேண்டும்!

மாலை டெக்கர் என் அறைக் கதவைத் தட்டினான். கையில் மடிக்கணினி. எங்கள் லீகில் எல்லா அணியும் தன் ஆட்ட வீடியோவை எல்லா அணிக்கும் கொடுத்தாக வேண்டும், அதுதான் விதி. அந்த வீடியோக்களை அவன் மூன்று நாளாகப் பார்த்திருக்கிறான்.

"பெருசு, உன் கையைப் பாக்காத. வாயைப் பாரு."

பார்த்தேன். எறிவதற்குச் சற்று முன் நான் மூச்சை விடுகிறேன். ஒவ்வொரு தடவையும்! செப்டம்பரில் அது யார் கண்ணுக்கும் படாது. குளிர் வந்ததும் தலைக்கவசக் கம்பிகளுக்கு நடுவே புஸ்ஸென்று வெள்ளைப் புகை. அதைப் பார்த்துத்தான் பாய்கிறார்கள். கை மெதுவாகவில்லை. கை நன்றாகத்தான் இருக்கிறது!

"இதை ஏன்டா எங்கிட்ட சொல்ற? சும்மா இருந்தா சனிக்கிழமை நீதானே ஆடுவ?"

"தெரியும். ரெண்டு நாளா சும்மாத்தான் இருந்தேன்," என்றான். "தூக்கம் வரல."

நவம்பர் 12, செவ்வாய்

இருவருமாகக் கோச் ப்ரூகரிடம் போனோம். இனி மூச்சை அடக்கிக்கொள்கிறேன் என்று நான் ஆரம்பித்தேன். அவர் வீடியோவை நான்கு தடவை ஓடவிட்டார். பிறகு சிரித்தார். கோச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"அடக்காத. உன் கெட்ட பழக்கம்தான் இப்ப நமக்கு வேணும். மெரிடன்காரன் இதை மனப்பாடமே பண்ணியிருப்பான். வழக்கம்போல ஊது, வழக்கம்போல எறி. அவனுங்களைத் தடுக்க ஒரு ஆளைக் கூடுதலா நிறுத்திக்கலாம். முக்கியமான ஒரு தடவை, நான் தொப்பியைக் கழட்டினா, ஊதிட்டு மூணு எண்ணு. எவனாவது கோட்டைத் தாண்டினா அஞ்சு கஜம் நமக்கு. தாண்டலைன்னா எறிஞ்சிடு."

"அப்ப நானு?" என்றான் டெக்கர்.

"நீ ஓரத்துல நில்லு. உன் மூச்சைப் பாத்து எவன்டா பாயப் போறான்?"

டெக்கர் மடிக்கணினியை மூடினான். எனக்கு அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. கட்டிக்கொள்ளவில்லை.

நவம்பர் 15, வெள்ளி

நாளைக்குக் குளிர் இருக்குமா? ஆறு முறை வானிலை பார்த்துவிட்டேன். குளிர் வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும் ஒரே முட்டாள் இந்த மினசோட்டாவில் நான்தான்.

நவம்பர் 16, சனி

உறைநிலைக்கு ஏழு பாகை கீழே! கடவுளே!

முதல் உதைக்கு நான் போய்க் குனிந்ததுமே மெரிடன் ஓரத்திலிருந்து ஒரு குரல்: "பழைய ஆளு வந்துட்டான்! பழைய ஆளு!" எனக்கு நேரே நாற்பத்து நான்காம் எண்காரன், கதவு அகலம். சிரித்துக்கொண்டே, "ஊது ராசா, ஊது," என்றான். ஊதினேன், எறிந்தேன். அவன் விரல் பந்தை உரசியேவிட்டது. ஆறு தடவை இப்படி. ஒவ்வொரு முறையும் என் உயிர் போய் வந்தது.

கடைசியில் 17–14, நாங்கள் முன்னால். ஒரு நிமிடம் முப்பத்தெட்டு நொடி மிச்சம். மெரிடனிடம் கடிகாரத்தை நிறுத்தும் வாய்ப்பு எதுவும் மீதியில்லை. நான்கு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேறினால்தான் பந்து நம்மிடம் இருக்கும். எங்களுக்கு இது நான்காவது முயற்சி, இன்னும் நான்கு கஜம் வேண்டும். கிடைத்தால் பந்து எங்களிடமே, ஆட்டம் முடிந்தது. இல்லையென்றால் உதைத்துப் பந்தைக் கொடுத்தாக வேண்டும். தடுத்துவிட்டால் எல்லாம் போச்சு.

களத்துக்குள் ஓடும்போது திரும்பிப் பார்த்தேன். கோச் மொட்டைத் தலையோடு நின்றார்.

குனிந்தேன். பந்தைப் பிடித்தேன். "ஊது ராசா!"

ஊதினேன்.

ஒன்று...

இரண்டு சொல்லவில்லை. அவன் முழு உடம்போடு என் மேல் வந்து விழுந்தான். பந்து என் கையிலேயே இருந்தது, அசையவில்லை, சத்தியமாக அசையவில்லை! நடுவரின் மஞ்சள் அபராதக் கொடி என் முகத்துக்குப் பக்கத்தில் விழுந்தது. நாற்பத்து நான்கு எழுந்து, "டேய், நீ எறியலையா?" என்று கேட்டான், அழப்போகிற மாதிரி. ஐந்து கஜம். தேவை நான்கு! பிறகு எங்கள் பையன்கள் நேரத்தைக் கடத்த மூன்று முறை பந்தோடு முழங்காலிட்டார்கள். கடிகாரம் ஓடி முடிந்தது.

ஒன்பது வருஷம்! எமெட் என்னைத் தூக்கினான், பிறகு கீழே போட்டான், இருவரும் பனியில் உருண்டோம். அழுதேன். எல்லோரும் பார்க்க அழுதேன்.

நவம்பர் 17, ஞாயிறு

அப்பா கூப்பிட்டார். வானொலிக்காரர் 'மெரிடன் அவசரப்பட்டுவிட்டது' என்றாராம். "உங்க அதிர்ஷ்டம்டா," என்றார். எல்லாவற்றையும் சொன்னேன். "மூச்சு விட்டதுக்கா அஞ்சு கஜம்?" என்று கேட்டுவிட்டு இருமும் வரை சிரித்தார்.

நவம்பர் 18, திங்கள்

உடைமாற்றும் அறையில் என் பெட்டியைக் காலி செய்யப் போனேன். லீகின் அதிகாரபூர்வ ஆட்ட அறிக்கை வந்திருந்தது. ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரு வரி, யார் எறிந்தார், யார் ஓடினார், எத்தனை கஜம். அந்த வரியைத் தேடினேன். 'அபராதம், மெரிடன், 5 கஜம். முயற்சி நடக்கவில்லை.' ஆமாம், அபராதத்தால் நின்றுபோனதை அப்படித்தான் எழுதுவார்கள். என் வாழ்க்கையிலேயே நான் செய்த மிக நல்ல முயற்சி, சட்டப்படி நடக்கவே இல்லை.

என் பெட்டிக் கதவிலும் அதே தாளின் நகல் ஒன்று ஒட்டியிருந்தது. அந்த வரியின் கீழே நீலப் பேனாவில், கோணல் எழுத்தில்:

"நடந்துச்சு பெருசு. நான் பாத்தேன். டெக்கர்."