தலைப்பிரட்டை வரைக்கும்

நவம்பர் 3, திங்கள்

விடிந்ததிலிருந்து மூட்டம். எதிர்ச் சரிவுத் தேயிலை கண்ணுக்கே தெரியவில்லை. துவைத்த துணி மூன்றாவது நாளாக ஈரம். டீச்சரின் கம்பளிச் சட்டையை அடுப்புக்கு மேல் கொடி கட்டிப் போட்டேன்.

ஹெலன் வந்து ஐந்து நாள். டீச்சருடைய தம்பி மகள். கூடப் பிறந்த தம்பி இல்லை, அப்பாவின் இரண்டாம் தாரத்துப் பிள்ளை. இந்தம்மாவுக்கே ஐம்பது இருக்கும். அத்தையைப் பார்த்துவிட்டுப் போக இங்கிலாந்திலிருந்து வந்திருக்கிறார் என்றுதான் இருந்தேன். இன்று காலை ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே சொல்கிறார்: பார்க்க இல்லை, கூட்டிப்போக. சனிக்கிழமை கோயமுத்தூரிலிருந்து விமானம். பாஸ்போர்ட், டாக்டர் சீட்டு, எல்லாம் ஒரு நீல ஃபைலில் தயார். டீச்சர் பிறந்த ஊரிலேயே ஒரு முதியோர் இல்லமாம்.

கையிலிருந்த வடிகட்டி நழுவிவிட்டது. "ஓகே மேடம்" என்றேன். வேறென்ன சொல்ல.

டீச்சருக்கு எண்பத்தெட்டு. குன்னூருக்கு வந்து முப்பத்தைந்து வருஷம் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்தார். அப்புறம் எஸ்டேட்காரர்களின் இந்தச் சின்ன வாடகை வீடு. கல்யாணம் இல்லை. நான் சமையலுக்கு வந்து இருபத்திரண்டு வருஷம். அவர் போனால் நான் சாவியை எஸ்டேட் ஆபீசில் கொடுத்துவிட்டுத் திருப்பூருக்கு, மகள் வீட்டுக்கு. அங்கே இருப்பதே இரண்டு அறை.

எழுதும்போதே தெரிகிறது. முதலில் என்னைப் பற்றித்தான் யோசித்திருக்கிறேன்.

வாங்க: பி.பி. மாத்திரை, பன், கொசுவர்த்தி வேண்டாம் (இந்தக் குளிரில் கொசு ஏது).

நவம்பர் 4, செவ்வாய்

மா. 4. டீ, பன், கதை. மறதி தொடங்கியதிலிருந்து தினமும் இதே நேரம், இதே வரிசை. நான் தமிழில் கேட்பேன், டீச்சர் இங்கிலீஷில் சொல்வார். இன்று ஹெலன் போனில் படம் பிடித்தார்.

"பால்வண்டிக் குதிரை பேரு என்னங்க டீச்சர்?"

டாலி. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் தானே நிற்குமாம், பால்காரர் கடிவாளத்தைத் தொடவே வேண்டாம்.

"மிட்டாயி எத்தன கெடைக்குமுங்க?"

வாரத்துக்கு ஒரு சின்னப் பொட்டலம். அப்போதுதான் உலகச் சண்டை முடிந்த சமயம், எல்லாமே ரேஷன் அளவுதான். டாமுடன் படியில் உட்கார்ந்து ஆளுக்குப் பாதி.

"கதவப் பூட்டுவீங்களா?"

பூட்டா! சிரிப்பு. எந்த வீட்டிலும் பூட்டு கிடையாது. பசித்தால் யார் வீட்டிலும் போய்க் கொழுப்பு தடவிய ரொட்டி கேட்கலாம். (மாட்டுக் கொழுப்பு. நெய் என்று நினைத்துக்கொண்டு கேட்டுக்கொள்வேன்.)

"கொளத்துல என்ன புடிப்பீங்க?"

தலைப்பிரட்டை! ஜாம் ஜாடியின் கழுத்தில் நூல் கட்டித் தண்ணீரில் இறக்க வேண்டும். டாம் சந்தோஷத்தில் கத்துவான்.

அங்கே நிறுத்திவிடுவேன். "போதுமுங்க. பன் சாப்பிடுங்க."

ஹெலனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு நூல், ஒரு ஜாடி, அதுவே போதுமாக இருந்த காலம், எவ்வளவு எளிமை, எவ்வளவு சந்தோஷம், இப்போது எந்தப் பிள்ளைக்கு இது கிடைக்கிறது என்றார். அந்த நேரம் பார்த்து டீச்சர், "டாம் குளத்தருகே காத்திருக்கிறான், நான் போக வேண்டும்" என்றார். சில மாதங்களாகவே இதைச் சொல்கிறார். ஹெலன் என் கையைப் பிடித்துக்கொண்டார். பார்த்தாயா ஜோதி, அத்தையின் மனசு அங்கேதான் இருக்கிறது. டாம் யார், சிநேகிதனா?

தலையை ஆட்டி வைத்தேன். பாவி நான்.

அப்புறம் அந்த இல்லத்தின் படத்தைக் காட்டினார். மஞ்சள் சுவர், அகலமான ஜன்னல், கட்டில் பக்கத்தில் சாய்நாற்காலி. ஜன்னலுக்கு வெளியே தண்ணீர், இரண்டு வாத்து. பழைய ஆலைக் குளமாம். அத்தைக்காகவே கேட்டு வாங்கிய அறையாம்.

டாம் சிநேகிதன் இல்லை. டீச்சரின் சொந்தத் தம்பி. ஆறு வயதில் அந்தக் குளத்தில்தான் போய்விட்டான்.

நவம்பர் 5, புதன்

மழை. மலைப்பாதையில் மண் சரிந்து பஸ் நிற்கிறது என்று டாக்சி ஓட்டும் மாதன் வந்து சொன்னான். மனசு குதித்தது. மதியத்துக்குள் அள்ளிவிட்டார்கள். மண் சரிவுக்குச் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் இந்த மலையில் நானாகத்தான் இருப்பேன்.

யாரிடமும் சொல்லாததை இங்கேயாவது எழுதுகிறேன்.

ஆறு வருஷம் முன்பு, மறதி தொடங்கிய புதிதில், டீச்சரே என்னைக் கட்டுரை நோட்டு வாங்கிவரச் சொன்னார். அப்போது தமிழ் நன்றாக வரும் அவருக்கு. "ஜோதி, எல்லாம் எழுதி வெச்சுக்கோங்க. நல்லது கெட்டது ரெண்டும். நான் மறந்துட்டா நீங்கதான் எனக்குச் சொல்லோணும்" என்றார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். படித்துக் காட்டியதும் பக்கத்தின் கீழே சிவப்பு மையில் டிக், கையெழுத்து, தேதி. விட்டால் மார்க்கும் போட்டிருப்பார்.

ஆனால் குளத்துப் பக்கம் வந்தால் இரண்டு நாள் சாப்பாடு இறங்காது. ஏதோ புதிதாகக் கேட்ட மாதிரி அழுவார். டாக்டர், சந்தோஷமானதையே பேசுங்க என்றார். நான் அந்தப் பக்கத்தின் மேல் காலண்டர் தாளை ஒட்டிவிட்டேன். தலைப்பிரட்டையோடு கதையை முடித்தேன். முதலில் "டாம் எங்கே" என்பார். "வெளையாடறாங்க" என்பேன். மெல்ல மெல்ல அழுகை நின்றது. கெட்டிக்காரி என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

இப்போது அவர் தலையில் இருப்பது நான் வெட்டி ஒட்டிய குழந்தைப் பருவம். அதை நம்பித்தான் போகிறேன் என்கிறார். அதைப் பார்த்துத்தான் ஹெலனும் உருகுகிறார்.

திருப்பூருக்குப் போன் போட்டேன். கவிதா சொன்னாள்: "அம்மா, நீ இப்ப போயி இதச் சொன்னீன்னா, ஊடு போயிருமேன்னு சொல்றாங்கன்னு தான நெனப்பாங்க?" நெனப்பாங்கதான். எனக்கே அந்தச் சந்தேகம் இருக்கிறதே.

நவம்பர் 6, வியாழன்

குளிர். கை விறைக்கிறது. எழுத்து கோணல்.

சொல்லிவிட்டேன். காலையில், எனக்குத் தெரிந்த இங்கிலீஷில். டாம், பிரதர், வாட்டர், டெட். ஹெலன் கேட்டார், பொறுமையாகத்தான் கேட்டார். பிறகு என் தோளைத் தட்டி, அத்தைக்கு அப்படி ஒரு தம்பி இருந்திருந்தால் என் அப்பா சொல்லியிருப்பாரே, உன்னால் பிரிய முடியவில்லை, எனக்குப் புரிகிறது ஜோதி என்றார். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. அந்தத் தட்டல் இன்னும் தோளில் எரிகிறது.

டீச்சர் வாயாலேயே கேட்டால் நம்புவார். நாலு மணிக்கு, "அப்புறம் என்னாச்சுங்க?" என்று ஒரே ஒரு கேள்வி. நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை. பன்னை வாயில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

மாலை பெட்டி அடுக்கினோம். கம்பளி 4, இரவு உடுப்பு 3, மாத்திரைப் பை, பைபிள். நான் திரும்பிய நேரத்தில் டீச்சர் எதையோ உள்ளே திணித்தார். எடுத்துப் பார்த்தால் காலி ஜாம் ஜாடி. கழுத்தில் தபால் கட்டும் சணல் நூல். முடிச்சு அத்தனை நேர்த்தி. சட்டைப் பொத்தான் போட வராத விரல்கள்.

அந்த இல்லத்து அறையின் படம் ஞாபகம் வந்தது. அங்கே ஜன்னலுக்கு வெளியே தண்ணீர். நர்ஸ் டீ குடிக்கப் போகிற பத்து நிமிஷம் போதும்.

நவம்பர் 7, வெள்ளி

வெயில், ஒரு வாரத்துக்குப் பின். ராத்திரி தூக்கமில்லை, ஆனால் விடியும்போது வழி கிடைத்தது.

இட்லிப் பானையில் தண்ணீர் கொதிக்கவைத்து நோட்டை ஆவியில் பிடித்தேன். காலண்டர் தாள் ஓரம் கிளம்பியது. கத்தி முனையால் கொஞ்சம் கொஞ்சமாக. நாலு எழுத்து போனது, மற்றதெல்லாம் இருக்கிறது. கீழே சிவப்பு டிக், கையெழுத்து, ஆறு வருஷத்துப் பழைய தேதி.

மாதனைக் கூப்பிட்டேன். வெள்ளைக்காரப் பயணிகளை ஏற்றி ஏற்றி இங்கிலீஷ் சரளம் அவனுக்கு. "உள்ளது உள்ளபடி சொல்லு சாமி. எனக்காக ஒரு வார்த்தை கூட்டாதே, குறைக்காதே" என்றேன். "சரிங்க்கா" என்றவன் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தான், கோயிலில் உட்காருகிற மாதிரி. டீச்சர் உள்ளே தூக்கம். ஹெலனுக்கு முதலில் சலிப்பு. கையெழுத்தைப் பார்த்ததும் நிமிர்ந்தார். பிறந்தநாள் வாழ்த்து அட்டைகளில் பார்த்த கையெழுத்து.

மாதன் வாசித்தது இதுதான்:

"டாமுக்கு ஆறு வயசு, டீச்சருக்கு ஒன்பது. அம்மா பார்த்துக்கொள்ளச் சொன்னார். பால்வண்டிச் சத்தம் கேட்டது. குதிரைக்குக் கேரட் கொடுக்க டீச்சர் ஓடினார். திரும்பி வந்தபோது ஜாடி மிதக்கிறது. பூட்ஸ் இரண்டும் கரையில் ஜோடியாக. அதன்பிறகு அப்பா டீச்சரைப் பேர் சொல்லிக் கூப்பிடவே இல்லை. அடுத்த வருஷம் அம்மாவும் போய்விட்டார். அந்தக் குளத்தைப் பார்த்துக்கொண்டு வாழ முடியாமல்தான் டீச்சர் கப்பல் ஏறினாராம். சாகும்வரை அதைக் கண்ணால் பார்க்கக் கூடாது என்று சொன்னார்."



ஹெலன் அந்தச் சிவப்புக் கையெழுத்தின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். பிறகு, எங்கள் ஊர்க் கல்லறையில் தாத்தா சமாதிக்குப் பக்கத்தில் ஒரு குட்டைக் கல் உண்டு என்றார். பாசி மூடி எழுத்துத் தெரியாது. தாத்தாவுக்குப் பூ வைக்கப் போகும்போதெல்லாம் சின்னப் பிள்ளையில் அதன் மேல் உட்கார்ந்துதான் சாண்ட்விச் சாப்பிடுவாராம். யாருமே எழுந்திரு என்று சொன்னதில்லை. அப்பா மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டார். டேலியாச் செடிக்குப் பக்கத்தில் நின்று அழுதது சமையலறையிலிருந்து தெரிந்தது. போய்க் கூட நிற்கலாமா என்று யோசித்து, டீ மட்டும் கொடுத்துவிட்டு வந்தேன்.

மாலை, நீல ஃபைலிலிருந்து டீச்சருடைய டிக்கெட் தாளை எடுத்து என்னிடம் கொடுத்தார். அடுப்பில் போட்டேன்.

நவம்பர் 8, சனி

லேசான மூட்டம். காலை 5.30க்கு மாதன் வண்டியில் ஹெலன் கிளம்பினார், தனியாக. டீச்சர் வாசலில் நின்று, "பாத்துப் போங்க, போயிட்டு வாங்க" என்று தமிழில் வழியனுப்பினார். யாரென்று தெரிந்ததா, தெரியவில்லை. ஊருக்குப் போனதும் அந்தக் கல்லைத் தேய்த்துக் கழுவிப் படம் அனுப்புவதாக ஹெலன் சொன்னார். என்னிடம் மன்னிப்பும் கேட்டார். நானும்தான் கேட்டேன்.

பெட்டியைப் பிரித்தேன். கம்பளி, பைபிள் எல்லாம் பழைய இடத்தில். ஜாடியைத்தான் எங்கே வைப்பதென்று தெரியாமல் அலமாரிக்கும் சமையலறைக்கும் இரண்டு நடை நடந்தேன்.

வீடு இருக்கிறது, டீச்சர் இருக்கிறார், நான் இருக்கிறேன். சந்தோஷப்படலாம் என்று உட்கார்ந்தேன். வரவில்லை.

மா. 4. டீ, பன். டாலி, மிட்டாய், பூட்டில்லாத கதவு. தலைப்பிரட்டை. "போதுமுங்க" என்று வாயெடுத்தேன்.

டீச்சர் பன்னைத் தட்டில் வைத்தார். தமிழில் கேட்டார்:

"அப்புறம் என்னாச்சுங்க ஜோதி?"

நான் கேட்கிற அதே இழுப்பில். ஆறு வருஷமாக நான் கேட்காமல் விட்ட கேள்வி.

விளையாடுகிறான் என்று சொல்லியிருக்கலாம். வாய்க்குப் பழகின பொய். நோட்டை எடுத்தேன். மடியில் வைத்துக்கொண்டு முழுசாகப் படித்தேன், டிக் போட்ட இடம் வரைக்கும். அழுதார். எனக்கும் தாங்கவில்லை. தலையை என் மேல் சாய்த்துக்கொண்டு, "நான் பாத்துக்கலீங்களே" என்றார். திரும்பத் திரும்ப அதையே.

"உங்களுக்கு ஒம்பது வயசுங்க டீச்சர். நீங்களும் கொழந்தைதானுங்க."

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு விரல்களை ஒவ்வொன்றாக நீட்டினார். ஒன்பது. மடக்கிய ஒற்றைக் கட்டை விரலோடு இரண்டு கையையும் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். அந்த வயது அத்தனை சின்னது என்று இதுவரை யாரும் அவருக்குச் சொல்லவில்லை போல.

டீ ஆறிவிட்டது. சூடு பண்ணிக் கொடுத்தேன். பன் பாதி சாப்பிட்டார். சாப்பிட்டார்.

நாளைக்குள் மறந்துவிடுவார். நாலு மணிக்கு மறுபடி கேட்பார். ஒன்பது விரலையும் மறுபடி நான்தான் எண்ணிக் காட்ட வேண்டும்.

ஜாடியில் தண்ணீர் ஊற்றி இரண்டு டேலியா வைத்தேன். நூலை அவிழ்க்கவில்லை.