பாதி ஊப்பா

நவம்பர் 15
கிளினிக்கில் புது நர்ஸ் என் மகளுக்கு எடை பார்த்தாள். மறுபடி குறைந்திருக்கிறது. "அண்ணா, அசையாம நில்லு" என்று நான் சொன்னதைக் கேட்டு முழித்தாள். "பொண்ணை எதுக்கு அண்ணான்னு கூப்பிடுறீங்க?" செத்துப்போன என் அண்ணன் துங்கியானின் பெயரைத்தான் வைத்திருக்கிறோம், எங்கள் ஊரில் பெயர் வந்தால் ஆளும் வந்தாயிற்று என்றேன். தலையாட்டினாள். அப்புறம்தான் குண்டைப் போட்டாள்: அடுத்த வார வெள்ளிக்குள் எடை ஏறாவிட்டால் விமானத்தில் நகரத்து ஆஸ்பத்திரிக்கு.

அங்கேதான் அண்ணனும் போனார். பெட்டியில் திரும்பி வந்தார். மாட்டேன். அனுப்பவே மாட்டேன்.

நவம்பர் 17
ஓட்ஸ் கஞ்சி, சீல் கறி சூப், டின் பழம் — எல்லாம் தரைக்குத்தான். ஒன்றரை வயதுக்கு இவ்வளவு வீம்பா? அப்படியே அண்ணன்.

என் வீட்டுக்காரர் டெல்பர்ட் சொல்கிறார், "உன் அண்ணியைக் கூப்பிட்டுப் பாரேன்." கட்டின புருஷன் பேரை வச்ச பிள்ளையை இதுவரைக்கும் எட்டிப் பார்க்காத மகராசியையா? "போய் உங்க வேலையைப் பாருங்க" என்று கத்திவிட்டேன். பாவம், அவர் என்ன செய்வார்.

நவம்பர் 19
புயல். வீடே ஆடுகிறது. அண்ணா தண்ணீர் மட்டும் குடித்தாள்.

நவம்பர் 20
காற்று அடங்கிவிட்டது. பெரிங் கடல் தன் அடிவயிற்றைக் கரையில் கொட்டிவிட்டுப் போயிருக்கிறது. நட்சத்திர மீன், கடல் வெள்ளரி, சிப்பி, குவியல் குவியலாக ஊப்பா — அமுக்கினால் தண்ணீர் பீய்ச்சுகிற, பை மாதிரியான சிவப்புக் கடலுயிர்கள். ஒரு மரம்கூட முளைக்காத தீவு, ஆனால் கீழே அந்தக் குளிரிலும் இருட்டிலும் எவ்வளவு பெரிய தோட்டம்! வாய்விட்டே நன்றி சொன்னேன்.

கடற்காக்கைகளோடு சண்டை போட்டபடி சாக்கை நிரப்பிவிட்டு நிமிர்ந்தால், எதிரே அண்ணி எஸ்டெல். அவளும் சாக்கோடு.

"காக்காவை விட நீதான்டி அதிகமா கத்துற." இரண்டு வருடத்தில் பேசிய முதல் வார்த்தை.

சிரிக்கத்தான் நினைத்தேன், அழுகை வந்துவிட்டது. எடை, வெள்ளிக்கிழமை, விமானம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"எப்படிடி வந்து பார்க்கிறது? அவர் மாதிரியே என்னைப் பார்த்துச்சுன்னா நான் தாங்குவேனா?" என்றாள். பிறகு சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு, "சரி, நட."

வீட்டில் ஓர் ஊப்பாவைக் கீறி, சதையை அண்ணாவின் வாயருகே கொண்டுபோனேன். உதட்டை இறுக்கிக்கொண்டாள். "முதல்ல அவருக்கா கொடுக்கிற? மறந்துட்டியா?" என்று அண்ணி பிடுங்கினாள்.

மறந்தேதான் போனேன்! ஊப்பாவோ சிப்பியோ, அண்ணி பாதி கடித்துக் கொடுக்காமல் அண்ணன் தொட்டதே இல்லை. ஊரே கிண்டல் பண்ணும்.

அண்ணி பாதியைக் கடித்தாள். மீதியை அண்ணாவிடம் நீட்டினாள். "என்னங்க... சாப்பிடுங்க."

அண்ணா வாயைத் திறந்தாள்.

நவம்பர் 23
டெல்பர்ட்டின் படகுக்கு வால்ரஸ் கிடைத்தது. அதன் வயிறு நிறையச் சிப்பி, ஓடில்லாமல் சுத்தமாக. கடலடியைக் கிளறிக் கிளறி அது சேர்த்ததை நாங்கள் சுற்றி உட்கார்ந்து தின்றோம். கொடுத்து வைத்தவர்கள் நாங்கள். அண்ணி தினமும் வருகிறாள். "இப்படியே பாதி பாதி போனா எனக்குத்தான் எடை ஏறும்" என்று புலம்பல் வேறு.

நவம்பர் 26, வெள்ளி
ஏறிவிட்டது! நர்ஸ் நம்பாமல் மறுபடி நிறுத்துப் பார்த்தாள். நாங்கள் வெளியே வரும்போது விமானம் தலைக்கு மேல் போனது. அண்ணா அதற்கு டாட்டா காட்டினாள்.

அண்ணிக்குச் சளி, இன்று வரவில்லை. மதியம் நானே ஊப்பாவைக் கீறிக் கொடுத்தேன். அண்ணா வாங்கிக்கொண்டாள். தானே பாதி கடித்தாள். மீதியைக் கையில் பொத்தி வைத்துக்கொண்டு கதவையே பார்க்கிறாள். நான் கேட்டும் தரவில்லை.

சரி அண்ணா, பூட்ஸ் போடு. அண்ணி வீட்டுக்குப் போகலாம்.