சனிக்கிழமை வாசிப்பு நிற்காது

ராயபுரம்,
16.11.2025, ஞாயிறு

அன்பு மகன் ஜெரிக்கு அம்மா எழுதுவது,

மாதாவின் தயவில் நானும் அப்பாவும் நடமாடிக்கொண்டு, சண்டை போட்டுக்கொண்டு, சுகமாகவே இருக்கிறோம். நீ அங்கே தோஹாவில் உடம்பும் மனசும் நன்றாக இருக்கிறாயா என்று போனில் கேட்டால் எப்போதும் ஒரே பதிலைத்தான் சொல்கிறாய், அதனால் இந்தத் தடவை என் சங்கதியை முதலில் சொல்லிவிட்டு உன்னிடம் வருகிறேன். எதிர்வீட்டு செல்வம் லீவு முடிந்து வியாழக்கிழமை விமானம் ஏறுகிறான். அவன் கையில் இந்தக் கடிதமும், உனக்குப் பிடித்த நெத்திலிக் கருவாடும், அப்பா வாங்கிய இரண்டு பனியனும் வருகின்றன. மழை விடாமல் பெய்கிறது, நம் தெருவில் முழங்கால் தண்ணீர், ஆனால் வீட்டுக்குள் வரவில்லை. போன வாரம் நீ போனில், "அம்மா, ரிட்டயர் ஆவ ஒன்ற வருசந்தான் கீது, அவங்க கேக்கற பேப்பர்ல ஒரு கையெழுத்தப் போட்டுட்டு நிம்மதியா இரேன்" என்று சொன்னாய். நான் வாயைத் திறப்பதற்குள் லைன் போய்விட்டது. போனில் என்றால் நீ குறுக்கே பேசுவாய், நான் அழுதுவிடுவேன். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை, முழுக்கப் படித்தே ஆகவேண்டும்.

உனக்கு அப்பா சொன்னது பாதிதான், அதுவும் கோபத்தில் சொன்னது. நடந்ததை நான் சொல்கிறேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிமை வணிகம் பற்றிப் பாடம் எடுக்கும்போதெல்லாம் அது அமெரிக்கா, பருத்தித் தோட்டம் என்று எங்கோ தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது, பிள்ளைகளும் தேதியை மனப்பாடம் பண்ணிவிட்டுப் போய்விடுகிறார்கள். அதனால் ஜூலை மாதம், இளம் வயதுப் பிள்ளைகளுக்காக எழுதிய ஒரு நாவலைப் பன்னிரண்டு பிரதி என் சொந்தச் செலவில் வாங்கி, விருப்பம் உள்ளவர்கள் சனிக்கிழமை மதியம் வரலாம் என்று சொன்னேன். பதினான்கு பெண்கள் வந்தார்கள். நான் பாடம் நடத்துவதில்லை, சும்மா வட்டத்தில் உட்கார்ந்திருப்பேன். வாரம் ஒருத்தி கேள்வி கேட்பாள், ஒருத்தி வரைபடம் போடுவாள், ஒருத்தி புரியாத சொல்லைத் தேடிக்கொண்டு வருவாள், மற்றவர்கள் வாதாடுவார்கள். கதை என்னவென்றால் பூவாயி என்று பதினாலு வயதுப் பெண், முந்நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் பஞ்சத்தில் ஊரைவிட்டு வந்தவளைப் பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் கப்பலில் ஏற்றிப் படேவியாவுக்கு, அதுதான் இப்போதைய ஜகார்த்தா, கொண்டுபோய் விற்றுவிடுகிறார்கள். கப்பலிலேயே அவள் பெயரைப் பிடுங்கிக்கொண்டு 'சோழமண்டலத்து ரோசா' என்று எழுதிவைக்கிறார்கள். வரைபடம் போட்ட வாரத்தில் முகத்துவாரக்குப்பத்துக் கீர்த்தி சார்ட்டில் கோடு இழுத்துக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்திவிட்டு, "மிஸ், எங்க குப்பத்துலேந்து போட்ல போனா பழவேற்காடு ரெண்டு மணி நேரங்கூட ஆவாது. இது நம்ம வூட்டாண்ட நடந்துகீது, யாரும் சொல்லவே இல்லியே" என்றாள். பூவாயியைப் பிடித்து விற்ற தரகனும் நம் ஊர்த் தமிழன்தான் என்ற அத்தியாயம் வந்தபோது பிள்ளைகள் என்னிடம் கோபித்துக்கொண்டார்கள், நானே விற்ற மாதிரி. கோபப்படட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் கடைசியில்தான் அது நடந்தது. கப்பல் அடித்தட்டில் ஆட்களை எண்ணுகிற பக்கத்தை ராஜாத்தி வாசித்துக்கொண்டிருந்தாள். மணலி புதுநகரிலிருந்து வருகிற பெண், வகுப்பில் வாய் திறக்கவே மாட்டாள், அம்மா எங்கேயோ சமையல் வேலை என்று மட்டும் எல்லாருக்கும் தெரியும். பாதியில் புத்தகத்தை மூடிவிட்டு, "மிஸ், எங்கம்மாவையும் இப்டித்தான் எண்ணுவாங்க. காலைல ஒருவாட்டி, சாய்ந்தரம் ஒருவாட்டி" என்றாள். அவள் அம்மா கன்னியம்மா ஒன்பது வருஷம் ஒரு ரைஸ் மில்லில் கொத்தடிமையாக இருந்தவள். கல்யாணச் செலவுக்கு வாங்கிய முன்பணத்துக்காகப் புருஷனும் பெண்டாட்டியுமாக உள்ளே போனவர்கள், நெல்லை அவித்து, காயவைத்து, கேட்டுக்கு வெளியே காலை வைக்க முடியாமல் கிடந்திருக்கிறார்கள். ராஜாத்தி பிறந்ததே அந்த நெல் காயவைக்கிற களத்து ஓரக் கொட்டகையில்தான். அவளுக்கு ஏழு வயதாகும்போது அதிகாரிகள் வந்து விடுவித்திருக்கிறார்கள். இதை எட்டு வருஷமாக ஒருவரிடமும் சொல்லாமல் மூடிவைத்திருந்தவள், பூவாயி கதையைப் படித்துவிட்டுச் சொன்னாள். யாரும் அழவில்லை, ஜெரி. கீர்த்தி மட்டும் எழுந்துபோய் அந்தச் சார்ட்டில் ரைஸ் மில் எங்கே வரும் என்று ராஜாத்தியிடம் கேட்டு ஒரு புள்ளி வைத்தாள்.

அந்தக் கூட்டத்தில் ஜோதிகா என்று ஒரு பெண் இருக்கிறாள், அவள் அப்பா ஜெகதீசன் எறா உரிக்கிற கொட்டகை வைத்திருப்பவர், பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கும் அவர்தான் தலைவர். அந்தப் பெண் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்னும்போது, "நைனா, நம்ம கொட்டாய்ல வெளியூர்லேந்து வந்த அக்காங்களுக்கு ராத்திரில ஏன் வெளிய பூட்டு போடறோம்?" என்று கேட்டிருக்கிறாள். அவ்வளவுதான். திங்கட்கிழமை காலை ஜெபம் முடிவதற்குள் மனிதர் பள்ளிக்கூட வாசலில் நின்றார். "பாடம் எடுக்கச் சொன்னா பொண்ணுங்க மனசுல வெஷத்த ஏத்தறீங்களா டீச்சர், பெத்தவன நிக்க வெச்சிக் கேள்வி கேக்குது எம் பொண்ணு, அடிமைன்னு எவன் கீறான் இந்தக் காலத்துல?" என்று அவர் போட்ட சத்தத்தில் எதிர் டீக்கடைக்காரர்கூட எட்டிப் பார்த்தார். நான் பதிலுக்குக் கத்தவில்லை. "உங்கள் பெண் நல்ல கேள்வி கேட்டிருக்கிறாள், பதில் சொல்லிவிட்டு வந்திருக்கலாம்" என்று மட்டும் சொன்னேன். தலைமை ஆசிரியை கெட்டவர் இல்லை, பயந்தவர். புத்தகங்களை எல்லாம் வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, இனிமேல் இந்தக் கூட்டம் நடத்த மாட்டேன், நடந்ததற்கு வருந்துகிறேன் என்று டைப் அடித்த தாளை என் முன்னால் வைத்தார். நீ கையெழுத்துப் போடச் சொன்ன பேப்பர் அதுதான், இன்றுவரை அதைத்தான் கேட்கிறார்கள். நான் அன்றைக்கே அதன் அடியில் 'சனிக்கிழமை வாசிப்புத் தொடரும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். அவருக்கு முகம் வெளுத்துவிட்டது.

அப்பா அன்றைக்கு என்னை ஏசிய ஏச்சு இருக்கிறதே. "உனுக்கு இன்னா வயசு ஃப்ளோரா, சும்மா கெடக்க முடியாதா, பென்சன்ல கை வெச்சான்னா யாருகிட்ட போயி நிப்ப" என்று மூன்று நாள் அதே பாட்டு. பிறகு பெற்றோர் கூட்டம் போட்டார்கள், என்னை நடுவில் உட்காரவைத்தார்கள். அப்பா வெளியே ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். ஆளாளுக்குப் பேசினார்கள். பரீட்சைக்கு உதவாத புத்தகம் என்றார் ஒருவர், பிள்ளைகள் பயந்துபோகிறார்கள் என்றார் ஒருவர், அந்த ராஜாத்திப் பெண் கதை கட்டிவிடுகிறது என்றும் ஒருவர் சொல்லிவிட்டார். அதைச் சொன்னதும் பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். அதுவரை நான் கன்னியம்மாவைப் பார்த்ததே இல்லை, மெலிந்த ஆள், வேலைக்குப் போகிற புடவையோடு வந்திருந்தாள். பையிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு தாளை எடுத்து ஒவ்வொருவர் முகத்துக்கு நேராகவும் காட்டிக்கொண்டு நடந்தாள். சர்க்கார் கொடுத்த விடுதலைச் சான்றிதழ். "எங்கப்பன் செத்தப்ப கேட்டாண்ட நின்னுகினு அழுதேன், வாச்சுமேன் வுடல. பொணத்த எடுத்து எரிச்சி மூணாம் நாளுதான் எனுக்கே சொன்னாங்க. இத்த நானு கட்டிவுட்டனா? பொஸ்தகத்துல அச்சடிச்சா படிக்கலாம், எம் பொண்ணு வாயால சொன்னா தப்பா? அந்தக் கதய எனுக்கும் படிச்சிக் காட்டுன்னு நாந்தான் அதுகிட்ட கேட்டுகினு கீறேன், மிச்சம் இன்னா ஆச்சின்னு தெரியாம தூக்கம் வர்ல" என்றாள். ஜெகதீசன் செல்லை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

தீர்மானம் என்ன என்று கேட்பாய். பள்ளிக்கூடத்துக்குள் கூடாது என்றார்கள், அவ்வளவுதான் அவர்களால் முடிந்தது. புத்தகம் என்னுடையது, ரசீது என்னிடம் இருக்கிறது, பீரோவைத் திறங்கள் என்றேன். திறந்தார்கள். அப்போது உன் அப்பா உள்ளே வந்தார், பன்னிரண்டு புத்தகத்தையும் இரண்டு பையில் போட்டு ஸ்கூட்டரில் மாட்டிக்கொண்டு, வாசலில் நின்ற பிள்ளைகளைப் பார்த்து, "சனிக்கெழம மூணு மணி, எங்க சங்கத்து ரூமு. கேரம் போர்ட ஓரமா நிக்க வெச்சிர்றேன், யாரும் லேட்டா வராதீங்க" என்றார். ஹார்பர் ரிட்டயர்டு ஆட்களின் அந்த அறை உனக்குத் தெரியுமே, பீடி வாசனை போகாது. அப்பாவே பினாயில் ஊற்றிக் கழுவினார். பாதிப் பெண்கள் திருவொற்றியூரிலிருந்து மெட்ரோவில் வருகிறார்கள். முதல் வாரம் ஒன்பது பேர், இப்போது பதினாறு. கன்னியம்மா இரண்டு வாரம் வந்தாள். ஜோதிகா இரண்டு வாரம் வரவில்லை, மூன்றாவது வாரம் நனைந்துகொண்டு வந்து ராஜாத்தி பக்கத்தில் உட்கார்ந்தாள். ராஜாத்தி அவளைப் பார்க்கவில்லை, புத்தகத்தை மட்டும் பாதி அவள் பக்கம் நகர்த்தினாள். ஜெகதீசன் இன்னும் காசிமேட்டில் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். கொட்டகைப் பூட்டு என்ன ஆயிற்று என்று ஜோதிகாவிடம் நான் கேட்கவில்லை, அவளாகச் சொல்லட்டும்.

இனி உன் சங்கதி. நேற்றைய கூட்டத்தில் உமைமா என்ற பெண் கேள்வி கேட்கிற முறை. அவள் அண்ணன் உன்னைப் போலவே வளைகுடாவில் வேலை செய்கிறான். அவள் எழுதிவைத்திருந்த கேள்விகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, "மிஸ், எங்கண்ணன் பாஸ்போர்ட்ட கம்பெனில வாங்கி வெச்சிகினாங்க, கேட்டா தர்றதில்ல. அப்ப அவன் இன்னா மிஸ்?" என்று கேட்டாள். சம்பளம் வருதே, அது வேற என்றாள் கீர்த்தி. எங்கம்மாவுக்கும் வாரம் அரிசி குடுத்தாங்க என்றாள் ராஜாத்தி. ஒரு மணி நேரம் சண்டை. கடைசியில் அதை அடிமை என்று சொல்ல வேண்டாம், ஆனால் பாஸ்போர்ட்டை வைத்துக்கொள்ள யாருக்கும் உரிமை இல்லை என்று முடிவு செய்தார்கள். எனக்கு அப்போது உன் நினைவுதான் வந்தது. போன வருஷம் சாவியோ மாமா இறந்தபோது, உன்னைத் தோளில் தூக்கி வளர்த்த மனுஷன், நீ வரவில்லை. "பாஸ்போர்ட்டு கம்பெனி ஆபீஸ்ல மாட்டிகினு கீதும்மா, மேனேஜரு லீவு" என்று சொன்னாய். நான் நம்பினேன். கல்லறையில் எல்லாரிடமும் அதையே சொன்னேன். முப்பது வருஷம் சரித்திரம் சொல்லிக்கொடுத்தவளுக்கு அந்த வாக்கியம் காதில் விழவில்லை பார்.

அது உன் கையில் இருக்கிறதா, ஜெரி? மழுப்பாமல் சொல். அந்த நாட்டுச் சட்டப்படியே அது தப்பு என்று பிள்ளைகள் செல்லில் தேடிப் படித்துக் காட்டினார்கள், எங்கே புகார் கொடுக்க வேண்டும் என்பதையும் உமைமா எழுதித் தந்திருக்கிறாள், அந்தச் சீட்டை இதோடு வைத்திருக்கிறேன். வேலை போய்விடும் என்று பயப்படுவாய். எனக்கும் அதே பயம்தான். கல்வி அலுவலகத்துக்கு என்மேல் புகார் போயிருக்கிறது, அங்கிருந்து விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், வருகிற இருபத்தைந்தாம் தேதி செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு. அங்கேயும் வருத்தக் கடிதம் கேட்பார்கள், நான் கொடுக்க மாட்டேன், பென்ஷனில் கை வைத்தால் வைக்கட்டும். இங்கே பத்தரை என்றால் உனக்கு எட்டு மணி, உங்கள் ஆபீஸ் திறக்கிற நேரம். நான் அந்த நாற்காலியில் உட்காரும்போது நீயும் உன் மேனேஜர் முன்னால் போய் நின்று, என் பாஸ்போர்ட்டைக் கொடுங்கள் என்று கேள். கத்த வேண்டாம், கெஞ்சவும் வேண்டாம். தனியாகப் போகாதே, உன் அறையில் இருக்கிற பையன்களையும் கூட்டிக்கொண்டு போ, அவர்களுக்கும் வீட்டில் அம்மா இருப்பாள்.

வேளைக்குச் சாப்பிடு, வெயிலில் தலையை மூடிக்கொள், ஞாயிறு பூசைக்கு முடிந்தபோது போ. மாதாவும் உன் காவல் தூதரும் நீ போகிற இடமெல்லாம் கூட வரட்டும், அப்பாவும் உன் தலையில் கை வைத்து ஆசீர்வதிக்கிறார். செவ்வாய்க்கிழமை மறக்காதே. நான் வெளியே வந்ததும் உனக்குத்தான் முதலில் போன் பண்ணுவேன், எடு.

பணியாத உன் அம்மா,
ஃப்ளோரா கஸ்பார்