தலைசாயாத செரி

2022 யூலை 3, ஞாயிறு. லாசால், மொன்றியல்

இன்றோடு எனக்கு எழுபத்தொன்பது வயது நிறைகிறது. மேல்மாடியிலிருந்து கேக் ஒன்று இறங்கி வந்தது. அக்னெஸ் சுட்டது. அடி கருகி, நடு வேகாமல், இரண்டு பிழைகளையும் ஒரே தட்டில் செய்யக்கூடிய திறமை அவளுக்குத்தான் உண்டு.

என் கணவர் யோசெப்பின் தங்கை. முப்பது வருடமாக என் தலைக்கு மேலே குடியிருக்கிறாள். யோசெப் போய்ச் சேர்ந்து இரண்டு வருடமாகிறது. அவர் முன்முற்றத்தில் நட்ட செரி மரத்தை வருகிற செப்ரெம்பரில் நகரசபை வெட்டப்போகிறது. நிலத்தடியில் குழாய் மாற்றுகிறார்கள், மரம் குழாய்க்கு நேர்மேலே நிற்கிறது. கிளைகள் நிலத்தை நோக்கித் தொங்கும் இனம். இந்த ஊர்க்காரர் அதை அழும் செரி என்கிறார்கள். மரம் அழுது நான் கண்டதில்லை. அக்னெஸ் அழுகிறாள்.

அவளுடைய மகன் றெக்ஸ் வந்திருந்தான். நகரின் மறுபக்கம், டொலார்ட்டில் பெரிய வீடு. கீழ்த்தளம் வெறுமையாகக் கிடக்கிறதாம்.

"அம்மா, உந்த வெளிப்படியில வின்ரரில சறுக்கினீங்கள் எண்டால் எலும்பு பொறுக்கவேணும். எங்களோட வந்திருங்கோ."

"அண்ணையின்ர மரத்தை விட்டிட்டு எப்பிடியடா?"

"மரத்தைத்தானே வெட்டப்போறாங்கள்."

"அப்ப அதின்ர கொட்டையைப் போட்டு ஒரு கண்டு எடுப்பம். அதுவும் அண்ணையின்ர மரம் மாதிரித் தலைசாய்ச்சு நிக்கட்டும். பேந்து அதையும் கொண்டு உன்னட்ட வாறன். மச்சாள் பொட்டனி படிச்சவ. என்ன மச்சாள், வளருமோ?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"வளரும்," என்றேன். "தலைசாய நாலைஞ்சு வருசம் செல்லும். பொறுக்கவேணும்."

அவள் போனால் எனக்கென்ன? கூரைக்குள்ளிருந்து செபமாலை கேட்காது. கதிரை இழுபடும் சத்தம் இராது. கருகிய கேக் வராது. மேலே எவருமில்லாத வீட்டை ஒருமுறை நினைத்துப் பார்த்தேன். பிறகு நினைக்கவில்லை.

யூலை 9

பழம் பொறுக்கினோம். பட்டாணி அளவு, கறுப்பு, கசப்பு. அக்னெஸ் ஒன்றைக் கடித்துவிட்டு, "அண்ணை இதைச் சாப்பிடுறவரோ?" என்றாள். உன் அண்ணன் சீனி தூவிக் கொடுத்தால் செங்கல்லையும் சாப்பிட்டிருப்பார்.

சதையை முழுவதும் கழுவி நீக்காவிட்டால் கொட்டை பூஞ்சணம் பிடிக்கும் என்று சொன்னேன். திரும்பவும் சொன்னேன். கடைசியில் அவள் கழுவியவற்றை நானே மீண்டும் கழுவினேன்.

செப்ரெம்பர் 21

மரம் வெட்டப்பட்டது. அக்னெஸ் கையில் மெழுகுதிரியோடு படியில் நின்றாள். மரமரியும் வாளோடு வந்தவன் "பொன்ஜூர், மதாம்" என்று தலைக்கவசத்தைக் கழற்றினான். வீட்டுக்குள் பிரேதம் இருப்பதாக நினைத்திருப்பான்.

டிசெம்பர் 4

ஒரு குளிர்காலம் கடந்துபோனது என்று நம்பினால்தான் இந்த விதை முளைக்கும். வெளியே புதைத்தால் அணிலுக்கு விருந்து. ஆகவே ஈரமண்ணில் கலந்து, ஐஸ்கிறீம் வாளியில் அடைத்து, என் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தாயிற்று.

"பாவம், குளிராதோ மச்சாள்?"

மொன்றியலில் முப்பது வருடம் இருந்தவள் கேட்கிறாள்.

2023 பெப்ரவரி 18

எங்கள் தேவாலயப் பங்கிலே மூத்தவரான அரியரத்தினம் காலமாகிவிட்டார். துக்க வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. ஆளுக்கொரு கறி கொண்டுபோவோம். எனக்குத் தடிமனும் தும்மலும் என்பதால், கத்தரிக்காய்க் குழம்பை இன்னொரு ஐஸ்கிறீம் வாளியில் ஊற்றி, அக்னெஸை எடுத்துப் போகச் சொன்னேன். நம்மவர் வீடுகளில் ஐஸ்கிறீம் வாளிக்குள் ஐஸ்கிறீம் இருந்ததாக வரலாறு இல்லை. அக்னெஸ் கீழ்த்தட்டிலிருந்த மற்ற வாளியைத் தூக்கிக்கொண்டு, பிரேதம் வைத்திருந்த மலர்ச்சாலைக்குப் போய்விட்டாள்.

அரியரத்தினத்தின் தம்பி மூடியைத் திறந்திருக்கிறார். மண்ணைக் கண்டதும் கண் கலங்கிவிட்டதாம். ஊர் மண் என்று நினைத்துவிட்டார். பெட்டியை மூடுமுன் ஊர் மண்ணில் கொஞ்சம் உள்ளே போடுவது இப்போது இங்கே வழக்கமாகிவிட்டது. ஒரு பிடி அள்ளித் தமையனின் நெஞ்சிலே வைத்தாராம். அவருக்குப் பின்னால் வரிசை நின்றதாம்.

"நீ என்ன செய்துகொண்டிருந்தாய்?" என்றேன்.

"எல்லாரும் அழுகினம் மச்சாள். நான் என்னெண்டு சொல்லுறது? நானும் ஒரு பிடி போட்டனான்."

அரியரத்தினம் லாசால் கடையில் வாங்கிய பூச்சாடி மண்ணோடும் பெரும்பகுதி செரிக்கொட்டைகளோடும் உறங்கப்போகிறார். அவர் பிறந்து வளர்ந்தது கொழும்பில்.

வாளியின் அடியில் கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது.

ஏப்ரல் 23

மூன்று முளைத்திருக்கின்றன. அக்னெஸ் தீர்த்தம் தெளிக்க வந்தாள். தண்ணீர் கூடினால் வேர் அழுகும் என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன்.

2024 மே 26

இரண்டு தப்பின. நுனிகள் வானத்தைப் பார்த்தே வளர்கின்றன. காலையில் பார்த்தால் ஒவ்வொரு நுனியிலும் துணிக் கவ்விகளை அக்னெஸ் தொங்கவிட்டிருக்கிறாள். பாரத்தில் பழகட்டுமாம். செரி மரத்தை முழங்காலில் நிறுத்தப் பார்க்கிறாள்.

"கழற்று. அதுக்கு நேரம் வரேக்க வளையும்."

"எப்ப மச்சாள் வரும்? றெக்ஸ் கேட்டுக்கொண்டிருக்கிறான்."

"நீ படிச்சதோ, நான் படிச்சதோ?"

கழற்றினாள்.

நவம்பர் 30

பனி. வெளிப்படியில் உப்புப் போட்டேன். அவள் விழுந்தால் றெக்ஸ் அன்றைக்கே ஏற்றிக்கொண்டு போய்விடுவான்.

2025 செப்ரெம்பர் 14

றெக்ஸ் வந்தான். இரண்டு கன்றும் இடுப்புக்கு மேலே நிற்கின்றன, ஈட்டிபோல நேராக. கொஞ்ச நேரம் சுற்றிப் பார்த்தான். பிறகு கைபேசியை நோண்டினான். இந்தக் காலத்து அறிவெல்லாம் பெருவிரலில்.

"மாமி, விதையில வாற கண்டு அநேகமாய்த் தலைசாயாதாம். உந்தத் தொங்கிற மரங்கள் ஒட்டுமரமாம். நேராய் வளருற ஒண்டின்ர தண்டில தொங்கிற கிளையை ஒட்டுறதாம். நீங்கள் பொட்டனி படிச்சனீங்களெல்லே, உங்களுக்குத் தெரியாதோ?"

அக்னெஸ் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

பட்டம் பெற்றுவிட்டு டோர்வல் விமான நிலையத்தில் விமானச் சாப்பாட்டுத் தட்டுகளுக்குக் கடதாசியில் கரண்டி சுற்றியவள் நான். மேற்பார்வையாளன் என் பெயரை ஒருநாளும் ஒழுங்காகச் சொன்னதில்லை. அங்கேயும் மனதுக்குள் என் படிப்பை எவரிடமும் விட்டுக்கொடுத்ததில்லை.

"படிச்சனான்தான்," என்றேன். "மறந்துபோனன்."

சொல்லும்போது வாய் கசந்தது. இவர்கள் முன்னால், அதுவும் அக்னெஸ் முன்னால்.

அவள் அழவில்லை. அதுவே அதிசயம். மகன் பக்கம் திரும்பினாள்.

"போன கிழமையும் கண்ணாடியைத் தலையில வைச்சுக்கொண்டு வீடெல்லாம் தேடினவ. நான் சொல்லேல்லை."

(எல்லோரும் செய்வதுதான்.)

"அப்ப நீங்கள் இந்தக் கிழமை வாறியளோ அம்மா?"

"உனக்கென்ன விசரோ? இவவை இந்த நிலையில தனிய விட்டிட்டு வாறதோ? அடுப்பை நிப்பாட்ட மறந்தால் ஆர் பாக்கிறது? நீ உந்த நேர்க்கண்டில ஒண்டைக் கொண்டுபோய் உன்ர வளவுக்குள்ள நடு. நான் வந்து பாக்கிறன்."

"மாமியை ஒருக்கா டொக்டரிட்டக் காட்டவேணும்," என்று தணிந்த குரலில் சொன்னான். செவியும் போய்விட்டது என்று நினைத்தானோ?

கன்றை வண்டியில் கிடத்தினான். நுனி சன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு போனது.

ஒக்ரோபர் 8, புதன்

அந்தி சாயும்போதெல்லாம் இறங்கி வருகிறாள். அடுப்பின் குமிழ்களை ஒவ்வொன்றாகத் திருகிப் பார்க்கிறாள். கதவுப் பூட்டை இழுத்துப் பார்க்கிறாள். ஞாபகசக்திக்கு வல்லாரைச் சம்பல் அரைத்துக்கொண்டு வருகிறாள். உப்புக் கூட, புளி குறைய. தின்கிறேன். பிறகு எனக்கு எதிரே குந்தியிருந்து, பள்ளிக்கூட அதிபரைப்போலப் பரீட்சை வைக்கிறாள்.

"இண்டைக்கு என்ன கிழமை, சொல்லுங்கோ பாப்பம்."

"செவ்வாயோ?" என்றேன்.

பெருமூச்சு விட்டு, இன்னொரு கரண்டி சம்பல் வைத்தாள்.

1966இல், பேராதனையில், இறுதியாண்டுத் தாவரவியல் தாளிலே ஒட்டுமரத்தின் விதை ஏன் தாயைப்போல வராது என்பது ஒரு கேள்வி. அந்தத் தாளில் முதலாவதாக வந்தவள் நான். அவள் கொட்டை போடுவோம் என்று சொன்ன அன்றைக்கே எனக்குத் தெரியும், அது தலைசாயாது என்று. அதை அன்றே சொல்லியிருந்தால், மரத்தை வெட்ட முன்னமே டொலார்ட்டுக்குப் போயிருப்பாள்.