“நல்லா இருக்கேங்க”

செவ்வாய்க்கிழமை இரவு.

“உடம்பு சரியில்லன்னாலும் நல்லா இருக்கேன்னுதான் சொல்லணுமா டீச்சர்?” என்று ஆறாம் வகுப்பில் செல்வம் ஒருமுறை கேட்டான். பெரியவர்கள் விசாரித்தால் அதுதான் மரியாதை என்றேன்.

இப்போது அவன் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளி. எட்டு மாதத்துக்கு முன் ஓர் இரும்புத் துண்டு தலையில் விழுந்தது. ஹெல்மெட்டால் உயிர் தப்பினான். தலைவலி மட்டும் விடவில்லை. ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. இழப்பீடு கிடைக்க வேண்டுமானால் அவன் வாயால் சொல்வதுதான் சாட்சி. அதற்கான பரிசோதனைக்கு இன்று அவன் மனைவி ராணியோடு நானும் போனேன். கூட வந்தவர்கள் பேசக் கூடாது என்றார்கள்.

டாக்டர் நிமிராமலே, “எப்படிப்பா இருக்க?” என்றார்.

செல்வம் எழுந்து நின்றான். “நல்லா இருக்கேங்க.”

“தலைவலி?”

“பரவால்லீங்க.”

இரண்டையும் டாக்டர் எழுதிக்கொண்டார்.

வெளியே வந்ததும் ராணி வெடித்தாள். “வூட்ல கொழந்த சிரிச்சாக்கூட காதப் பொத்திக்கினு மூலைல ஒக்கார்ற. அங்க மட்டும் புதுமாப்பிள்ளயாட்டம் நல்லா இருக்கியா?”

“டாக்டரு விசாரிக்கிறாரு. வேற என்னாடி சொல்றது?” என்றான், வெயில் தாங்காமல் கண்களை மூடிக்கொண்டு.



வீடு திரும்பியதும் மறுபரிசோதனை கேட்டு மனு எழுதிவிட்டேன். கிடைக்குமா, தெரியவில்லை. காலையில் மந்தாரக்குப்பத்தில் அவன் வீட்டுக்குப் போய் அதையும் ஒரு நோட்டையும் அவனிடம் கொடுக்க வேண்டும். நோட்டின் முதல் பக்கத்தில் இதை மட்டும் எழுதியிருக்கிறேன்:

“செல்வம், வலி வந்த நேரத்தையும் அதனால் பாதியில் விட்ட வேலையையும் அன்றன்றே இதில் எழுது. யார் விசாரித்தாலும் இதைப் படித்துக் காட்டு.”